ஒரு கட்டுரை தாங்கிய பாரம்

2017 ஜூலையில் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் ஸ்டெஃபான் பெர்மோன், பியர் இவ் கார்னியே. தென்கொரியாவின் டேகுவில் 2011இலும் மாஸ்கோவில் 2013இலும் நடந்த உலகத் தடகளப் போட்டிகளில் கலந்துகொண்டவர்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு இருந்தது, களத்தில் அவர்கள் எட்டிய நேரமும் தூரமும் என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு அது. மொத்தம் 2127 அளவீடுகள். அவற்றில் பெண்களுடையவை 1332. பெண்களுக்கான 21 போட்டிகளை அலசி, ஐந்தில் மட்டும் வேறுபாடு தெரிகிறது என்றார்கள். டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்த மூன்றில் ஒரு பங்கினர், குறைவாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரைவிட 400 மீட்டர் ஓட்டத்தில் 2.73 சதவீதம் மேல். 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் 2.78; 800 மீட்டரில் 1.78; சங்கிலிக் குண்டு எறிதலில் 4.53, கோலூன்றித் தாண்டுதலில் 2.94.

ஒன்பது மாதங்கள் கழித்து, 2018 ஏப்ரலில், சர்வதேசத் தடகளச் சம்மேளனம் (இன்றைய உலகத் தடகள அமைப்பு) ஒரு விதியை அறிவித்தது. 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் குறிப்பிட்ட சில வீராங்கனைகள், அதாவது எக்ஸ்ஒய் குரோமோசோமும் இயல்புக்கு மேற்பட்ட டெஸ்டோஸ்டிரோனும் பிறவியிலேயே அமைந்தவர்கள், தங்கள் ரத்தத்தில் அந்த ஹார்மோனை லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே இறக்கியாக வேண்டும். வழி மூன்று: தினமும் கருத்தடை மாத்திரை, மாதந்தோறும் ஊசி, இல்லையேல் அறுவை சிகிச்சை. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 800 மீட்டரில் இருமுறை ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். 2019 ஜூலைக்குப் பிறகு அந்தத் தூரத்தில் அவரால் உலகப் போட்டி எதிலும் ஓட முடியவில்லை.

டெஸ்டோஸ்டிரோன் தசையையும் ரத்தச் சிவப்பணுக்களையும் பெருக்கும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆண்கள் பெண்களைவிடச் சராசரியாக 10 முதல் 12 சதவீதம் வேகமாக ஓடுவதற்கு அது முக்கியக் காரணம் என்பதும் உடலியல் அறிந்தவர்கள் ஏற்றுக்கொண்டதே. பெண்கள் பிரிவு ஒன்று தனியாக இருக்க வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. என் கேள்வி சிறியது, ஆனால் விடாப்பிடியானது. ஒரு மனிதரின் உடலுக்குள் மாத்திரையையும் கத்தியையும் அனுப்பும் அளவுக்கு ஒரு விதி இயற்றப்படும்போது, அதற்கு ஆதாரம் என்று காட்டப்பட்ட ஆய்வு அந்தப் பாரத்தைத் தாங்கக்கூடியதுதானா? அதைப் பார்க்க வேண்டியவர்கள் எப்போது பார்த்தார்கள்?

கட்டுரை வந்த நேரத்தை முதலில் கவனிக்க வேண்டும். ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த், 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன்பு அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஊக்கமருந்து எதையும் அவர் எடுக்கவில்லை. அவருடைய உடலே சுரந்த டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு மேல் என்பதுதான் காரணம். அப்போது அவருக்கு வயது 18. ஸ்விட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தில் அவர் வழக்குத் தொடுத்தார். 2015 ஜூலையில் தீர்ப்பாயம் அன்றைய விதியை நிறுத்திவைத்து, சம்மேளனத்துக்கு இரண்டாண்டு கெடு விதித்தது. இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக உள்ள பெண்களுக்கு, ஆண்-பெண் வேறுபாட்டுக்கு நிகரான ஒரு சாதகம் கிடைக்கிறது என்று காட்டுங்கள், இல்லாவிட்டால் விதி செல்லாது என்றது. கெடு முடியும் தறுவாயில்தான் பெர்மோன் - கார்னியே கட்டுரை அச்சேறியது. பெர்மோன் சம்மேளனத்துக்காகப் பணியாற்றிய மருத்துவர். பின்னாளில் அதன் உடல்நலம், அறிவியல் துறைக்கே இயக்குநரானவர். கார்னியே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையில் மருத்துவப் பொறுப்பு வகித்தவர். விதி போட்ட தரப்பே அதற்கான சான்றையும் தயாரித்தது. இதனால் மட்டும் ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வைத்தான் வெளியார் கண்கள் கூடுதலாகத் துருவிப் பார்க்க வேண்டும்.

இனி கட்டுரைக்குள் வருவோம். 21 போட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. புள்ளியியலில் வழக்கமாகக் கொள்ளும் வரம்பின்படி, உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இடத்திலும் இருபதில் ஒரு முறை 'தொடர்பு உண்டு' என்று கணக்கு காட்டிவிடும். 21 முறை தாயம் உருட்டுபவருக்கு ஒரு முறையாவது தாயம் விழுவதில் வியப்பில்லை. அதைக் கைராசி என்று யாரும் சொல்வதில்லை. எண்ணில் சொன்னால், தொடர்பே இல்லாத 21 சோதனைகளில் ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 66 சதவீதம். இதனால்தான் பல சோதனைகளை ஒருசேரச் செய்யும்போது வரம்பை இறுக்கிக்கொள்வது ஆய்வு மரபு. இந்தக் கட்டுரையில் அந்தத் திருத்தம் செய்யப்படவில்லை. ஐந்து போட்டிகள் தேறியிருப்பது தற்செயலால் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதல் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஐந்தில் எது உண்மை, எது தாயம் என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. சில ஓட்டங்களில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தவர்களே முந்தியிருந்தார்கள் என்பதும் அதே அட்டவணைகளில் இருந்தது.

அதைவிட ஆழமான சிக்கல், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பது. பெண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக லிட்டருக்கு 0.06 முதல் 1.68 நானோமோல் வரை; ஆண்களுக்கு 7.7 முதல் 29.4 வரை. சம்மேளனமே காட்டும் எண்கள் இவை. ஆய்வில் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர், இயல்பான பெண்களின் எல்லைக்குள் சற்று மேலே இருந்தவர்கள். விதியோ 5 நானோமோலுக்கு மேல் உள்ளவர்களைப் பற்றியது. ஒன்றைப் பற்றிய அளவீட்டை வைத்து வேறொன்றைப் பற்றி விதி எழுதினார்கள். சம்மேளனத்தின் தரப்பு வாதத்தையும் இங்கே வைக்க வேண்டும்: இயல்பான எல்லைக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு என்றால், ஆண்களின் அளவை எட்டியவர்களுக்கு அது இன்னும் கூடுதலாகத்தானே இருக்கும் என்றார்கள். இது பொருத்தமான ஊகம். ஊகத்தைச் சோதிக்க இன்னோர் ஆய்வு தேவைப்பட்டது. அது வருவதற்கு முன்பே விதி வந்துவிட்டது.

விதி எந்தெந்தப் போட்டிகளுக்கு என்பதையும் பாருங்கள். வேறுபாடு மிகப் பெரிதாகத் தெரிந்த சங்கிலிக் குண்டு எறிதல், 4.53 சதவீதம், விதியில் இல்லை. கோலூன்றித் தாண்டுதலும் இல்லை. ஆனால் கட்டுரையில் தேறாத 1500 மீட்டர் ஓட்டம் இருந்தது. கட்டுரை அளக்கவே இல்லாத ஒரு மைல் ஓட்டமும் இருந்தது. ஆய்வு கைகாட்டிய இடத்தில் விதி நிற்கவில்லை. செமன்யா ஓடிய தூரங்களை அது சுற்றி வளைத்தது என்று விமர்சகர்கள் சொன்னபோது, அதை வெறும் அவதூறு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

தரவுக்குள் நுழைந்தவர்கள் மூன்று பேர்: அமெரிக்காவின் ராஜர் பீல்கி, தென்னாப்பிரிக்க விளையாட்டு அறிவியலாளர் ராஸ் டக்கர், நார்வேயின் எரிக் பாயே. கட்டுரையின் மூலத்தரவைக் கேட்டார்கள். ரத்தப் பரிசோதனை விவரம் அந்தரங்கம், அதைத் தர முடியாது என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் ஓட்ட நேரங்களில் அந்தரங்கம் எதுவும் இல்லை. டேகுவிலும் மாஸ்கோவிலும் யார் எந்தச் சுற்றில் எத்தனை நொடியில் ஓடினார் என்பது உலகத்துக்கே திறந்து கிடக்கும் பதிவு. கடைசியில் நான்கு ஓட்டங்களுக்கான நேரங்கள் மட்டும் அவர்கள் கைக்கு வந்தன.

அவர்கள் செய்த வேலையில் மேதைமை எதுவும் தேவைப்படவில்லை, பொறுமைதான் தேவைப்பட்டது. ஒரு பக்கம் ஆய்வாளர்கள் கொடுத்த பட்டியல், மறுபக்கம் போட்டியின் அதிகாரபூர்வ முடிவுகள். ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே அந்த நேரத்தில் ஓடியவரைத் தேட வேண்டும். 800 மீட்டர் ஓட்டத்தில் முதல் சுற்று, அரையிறுதி, இறுதி என்று ஒரே பெண் மூன்று நாள்கள் ஓடுவார். மூன்று நேரங்கள் பதிவாகும். ஆய்வுக்கு எடுக்க வேண்டியது அவற்றில் சிறந்த ஒன்று. பட்டியலில் சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நேரங்கள் இருந்தன. சிலருடைய ஒரே நேரம் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இன்னும் சில நேரங்களுக்கு எதிரே எவருமே இல்லை; அந்தப் போட்டியில் அந்த நேரத்தில் யாரும் ஓடியிருக்கவில்லை. ஊக்கமருந்துக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்களின் நேரங்களும் கலந்திருந்தன. நான்கு ஓட்டங்களிலும் இப்படிப் பழுதான பதிவுகள் 17 முதல் 33 சதவீதம் வரை இருந்ததாக அவர்கள் கணக்கிட்டார்கள்.

இந்தக் கடைசி வகையை ஏன் சிறிய பிழையாக எண்ணக் கூடாது என்பதற்கு டேகுவே சாட்சி. 2011இல் அங்கே 800 மீட்டரில் முதலில் வந்தவர் ரஷ்யாவின் மரியா சவினோவா, 1 நிமிடம் 55.87 நொடி. இரண்டாவது செமன்யா, 1 நிமிடம் 56.35 நொடி. சவினோவா ஊக்கமருந்து எடுத்தது பின்னர் நிரூபணமாகி, 2017 பிப்ரவரியில் அவருடைய முடிவுகள் ரத்தாயின. தங்கம் செமன்யாவுக்குப் போனது. பெர்மோன் கட்டுரை வெளியானது அதற்கு ஐந்து மாதங்கள் கழித்து. உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோனின் விளைவை அளக்கப் போகிறோம் என்று சொல்லும் ஆய்வில், வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கக்கூடியவர்களின் நேரங்களும் கலந்திருந்தால், விடையில் எது எதனால் வந்தது என்று யார் பிரிப்பது?

விமர்சனம் எழுந்ததும் பெர்மோனும் வேறு சிலரும் 2018இல் அதே இதழில் ஒரு மறுகணக்கை வெளியிட்டார்கள். பெண்களின் பதிவுகளில் 200க்கும் மேற்பட்டவற்றைக் கைவிட்டார்கள். தங்கள் முடிவு பெரிதும் மாறவில்லை என்றார்கள். பீல்கி தரப்பு முதல் கட்டுரையையே திரும்பப் பெறச் சொன்னது, இதழ் மறுத்துவிட்டது. முழுத்தரவும் அப்போது வெளியிடப்படவில்லை. இதில் எனக்கு வருத்தம் தருவது பிழை நேர்ந்தது அல்ல. ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கையாளும் எவருக்கும் பிழை வரும். பிழையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, விதியால் பாதிக்கப்படப் போகிறவர்களின் பக்கம் நின்ற மூன்று வெளியாட்களின் தலையில் விழுந்ததுதான் வருத்தம். 1332 பதிவுகளை அதிகாரபூர்வ முடிவுகளோடு ஒருமுறை ஒத்துப் பார்க்க இதழின் மதிப்பீட்டாளர்கள் ஒரு வாரம் செலவிட்டிருந்தால், இந்தக் கட்டுரை அந்த வடிவில் அச்சாகியிருக்காது.

2019 மே 1 அன்று தீர்ப்பாயம் செமன்யாவின் வழக்கில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சம்மேளனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விதி பாகுபாடு காட்டுவதுதான், ஆனாலும் பெண்கள் பிரிவைக் காக்க அது தேவையானது, நியாயமானது என்றது பெரும்பான்மை. அதே தீர்ப்பில் 1500 மீட்டருக்கும் ஒரு மைலுக்கும் ஆதாரம் போதாது என்ற கவலையும் பதிவாகியிருக்கிறது. அவ்விரண்டுக்கும் விதியை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாமே என்ற யோசனையும் இருந்தது. சம்மேளனம் அதை ஏற்கவில்லை. 2010 முதல் ஐந்தாண்டுகள் மாத்திரை சாப்பிட்ட காலத்தில் உடல் எடை ஏறியது, காய்ச்சல் வந்தது, ஓயாமல் குமட்டியது என்று செமன்யா சொன்னதும் வழக்குப் பதிவில் உண்டு. அந்த ஐந்தாண்டுத் துன்பத்தை மீண்டும் ஏற்க அவர் மறுத்தார்.

எதிர்த்தரப்புக்கு வலுவான சான்று எதுவும் இல்லையா என்றால், உண்டு. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆஞ்செலிகா ஹிர்ஷ்பெர்க் தலைமையில் நடந்த ஆய்வு 2019இன் பிற்பகுதியில் வெளியானது. ஆரோக்கியமான 48 இளம்பெண்கள்; குலுக்கல் முறையில் இரு குழுக்கள்; ஒரு குழுவுக்கு 10 வாரம் தினமும் டெஸ்டோஸ்டிரோன் களிம்பு, மற்றதற்கு மருந்தில்லாத களிம்பு. யாருக்கு எது என்று பெண்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. மருந்து பூசியவர்கள் களைத்து விழும்வரை ஓடிய நேரம் 21.17 நொடி, அதாவது 8.5 சதவீதம் கூடியது. முறையான ஆய்வு, காரணம் - விளைவு பற்றிப் பேசும் தகுதி இதற்கு உண்டு. இதையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஓடியவர்கள் உலகத் தர வீராங்கனைகள் அல்லர். களைத்து விழும்வரை ஓடுவது வேறு, குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பது வேறு. முதல் வகைச் சோதனையில் சதவீதங்கள் எப்போதுமே ஊதிப் பெருத்துத் தெரியும் என்பது உடற்பயிற்சி ஆய்வாளர்கள் அறிந்தது. குறுகிய நேர வெடிப்பாற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. இத்தனைக்குப் பிறகும், விதிக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய ஆய்வு இந்த வகையைச் சேர்ந்தது. இது வந்தபோது விதி நடைமுறைக்கு வந்து மாதங்கள் ஆகியிருந்தன.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது இன்னும் விளக்கமானது. நமீபியாவின் கிறிஸ்டின் எம்போமாவுக்கு 18 வயது. 400 மீட்டர் ஓட முடியாது என்று தடுக்கப்பட்டவர், விதி தொடாத 200 மீட்டருக்கு மாறி, 21.81 நொடியில் வெள்ளி வென்றார். புருண்டியின் ஃபிரான்சின் நியோன்சாபா ரியோவில் 800 மீட்டரில் செமன்யாவுக்கு அடுத்து வந்தவர். நீண்ட தூரத்துக்கு மாறி, 2021 செப்டம்பரில் 2000 மீட்டரில் உலக சாதனை படைத்தார். சாதகம் 400 மீட்டர் முதல் மைல் வரைதான் என்று விதி சொன்னது. அதன் இருபுறமும் அவர்கள் ஓடிக் காட்டினார்கள். இதை இரு தரப்பும் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். சாதகம் எல்லாத் தூரத்திலும் உண்டு என்று சம்மேளனம் சொல்லலாம். திறமையும் பயிற்சியும் எங்கே போனாலும் வெல்லும் என்று மற்றவர்கள் சொல்லலாம். இரண்டில் எது சரியானாலும், அந்த எல்லைக்கோட்டை வரைந்து கொடுத்த கணக்கு தவறு.

ஒலிம்பிக் முடிந்த சில நாள்களில், 2021 ஆகஸ்ட்டில், பெர்மோனும் கார்னியேவும் தங்கள் 2017 கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். தாங்கள் கண்ட தொடர்புகளுக்குக் காரணம் - விளைவு உறவு உண்டு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும், ஆய்வு தேடல் நிலையைச் சேர்ந்தது என்றும், காரணத்தைச் சுட்டும்படி எழுதப்பட்ட சில வாசகங்கள் தவறாக வழிநடத்தியிருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். நான்கு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஓர் உலகப் போட்டியும் ஓர் ஒலிம்பிக்கும் செமன்யா இல்லாமல் 800 மீட்டரில் நடந்து முடிந்திருந்தன. திருத்தத்துக்குப் பிறகும் விதி அசையவில்லை. 2023 மார்ச்சில் அது இன்னும் இறுகியது: வரம்பு 5இலிருந்து 2.5 நானோமோல், எல்லாப் போட்டிகளுக்கும், 24 மாதங்கள் தொடர்ந்து.

இப்படி எண்களைப் பிடித்துத் தொங்குவது மிகையோ என்று நினைப்பவர்களுக்கு ஒரு கட்டுரையைச் சுட்டுவேன். 2013இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. ஆசிரியர்களில் பெர்மோனும் ஒருவர். வளரும் நாடுகளின் ஊர்ப்புறங்களிலும் மலைப்பகுதிகளிலுமிருந்து வந்த நான்கு வீராங்கனைகள், 18 முதல் 21 வயதினர், பிரான்சில் அறுவை சிகிச்சைக்கு உள்ளானதை அது விவரிக்கிறது. உடலுக்குள் இருந்த விந்தகங்கள் அகற்றப்பட்டன. பிறப்புறுப்பின் ஒரு பகுதியும் குறைக்கப்பட்டது. விந்தகங்களை அப்படியே விட்டிருந்தால் உடல்நலத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. ஓட வேண்டும் என்பதற்காக நடந்தவை அவை.

நமக்கு இது தூரத்துச் செய்தியும் அல்ல. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள், 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. அன்று நானோமோல் வரம்புகூடக் கிடையாது. எந்த அளவைத் தாண்டினார், அதனால் எத்தனை நொடி சாதகம் பெற்றார் என்று யாரும் நிறுவிக் காட்டவில்லை. பதக்கம் இன்றும் அவருக்குத் திரும்பவில்லை. தூத்தி சந்த் தீர்ப்பாயம் வரை போனதால்தான் 'ஆதாரம் எங்கே' என்ற கேள்வி முதன்முதலாகச் சட்டப்படி கேட்கப்பட்டது. சாந்திக்காக அதைக் கேட்க அன்று ஆள் இல்லை.

2025 ஜூலை 10 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு, செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 15க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஸ்விட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கை வேண்டிய அளவு கறாராக ஆராயவில்லை என்பது அதன் முடிவு. அதற்குள் உலகத் தடகள அமைப்பு வேறு வழிக்குப் போய்விட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் பெண்கள் பிரிவில் உலக அளவில் போட்டியிட விந்தக வளர்ச்சியைத் தூண்டும் எஸ்ஆர்ஒய் மரபணு இருக்கிறதா என்ற பரிசோதனை கட்டாயம். இந்த மரபணுவை 1990இல் கண்டறிந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்க்ளேரே அந்தப் பரிசோதனையை எதிர்த்து எழுதியிருக்கிறார். மரபணு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அது சொல்லும். விந்தகம் உருவானதா, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறதா, சுரந்ததை உடல் பயன்படுத்திக்கொள்கிறதா என்பதை அது சொல்லாது என்கிறார். இது புதிய சோதனையும் அல்ல. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3387 வீராங்கனைகளிடம் செய்து பார்த்ததில் எட்டுப் பேரிடம் அந்த மரபணு இருந்தது. அவர்களில் ஏழு பேரின் உடல் ஆண் ஹார்மோனை ஓரளவோ முழுமையாகவோ ஏற்காத தன்மை கொண்டது. எட்டுப் பேருமே போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். மூன்று ஆண்டுகளில் ஒலிம்பிக் குழு அந்தச் சோதனையையே கைவிட்டது.